வேட்டையும் நியாயமும்

பல்கலைக்கழகத்தில் என்னோடு தமிழ் பயின்ற நண்பரொருவர் இப்பொழுது கனடாவின் அல்பேட்டா மாகாணத்தில் வாழ்கிறார். சென்ற ஒக்டோபரில் அவரிடமிருந்து நீண்ட கடிதமொன்று வந்தது. தம்மோடு தொழில் செய்யும் மூவருடன் செப்டெம்பர் மாதத்தில் றொக்கி மலைக் காடொன்றிற்குச் சென்றிருந்ததாகவும், அவர்கள் வில்லும் அம்பும் கொண்டு எல்க் மான் வேட்டையாடியதை உடனிருந்து கண்டதாகவும் எழுதியிருந்தார்.

நான்காம் நாள் விடியற்காலையில், பள்ளத்தாக்கின் அப்புறத்திலிருந்து ஆண்மானொன்றின் ஊதற்குரல் கேட்டிருக்கிறது. செப்டெம்பர் மாதம் எல்க் மான்கள் துணைதேடும் காலம். வேட்டைக்காரர்களுள் ஒருவர் பெண்மானின் குரலை வாயாற் செய்துகாட்ட, அம்மான் அதனை நம்பி முப்பது அடி தூரம்வரை நெருங்கிவந்தது. அம்பு பாய்ந்தது. ஆயினும் நெஞ்சறையிற் படவேண்டிய அம்பு சற்றுப் பின்தள்ளி வயிற்றிற் பட்டுவிட்டது. மான் ஓடி மறைந்தது. வேட்டை வழக்கப்படி சில மணிநேரம் காத்திருந்து, பின்னர் இரத்தத்துளிகளைப் பின்பற்றிச் சென்றார்கள். துளிகள் அருகின, பின்பு இல்லாமற்போயின. மறுநாளும் பொழுது சாயும்வரை தேடினார்கள். மான் கிடைக்கவில்லை.

அம்பெய்தவர், எவரும் கேளாமலே, அவ்வாண்டுக்குரிய தம் வேட்டை முடிந்துவிட்டது என்று கூறி வில்லை உறையிலிட்டாராம். அன்றிரவு தீயைச் சுற்றியிருந்தபோது இன்னொருவர் அவரைத் தேற்ற முயன்று சொன்ன வார்த்தைதான் என் நண்பரை அலைக்கழித்தது. “முந்நூறு யார் தூரத்தில் நின்று துவக்காற் சுடவில்லை. நாம் அதற்கு நியாயமான வாய்ப்பளித்தோம்” என்றாராம் அவர். கடிதத்தின் கடைசி வரி இது: “இதில் நியாயம் எங்கே இருக்கிறது? நீர்தான் பிள்ளைகளுக்கு அறம் படிப்பிக்கிறவர், சொல்லும்.”

அறம் படிப்பிப்பது எளிது. கேட்கப்பட்ட கேள்விக்கு விடை சொல்வதுதான் கடினம். இக்கட்டுரை அவ்விடையைத் தேடும் முயற்சியாகும்.

நியாயவேட்டை என்னும் இக்கருத்து வெறும் வாய்ப்பேச்சன்று. அதற்கு ஒரு வரலாறு உண்டு. ஐரோப்பியர் வருமுன்னர் வட அமெரிக்காவில் ஏறக்குறைய ஒருகோடி எல்க் மான்கள் வாழ்ந்திருக்கலாமென மதிப்பிடுவர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவை ஓரிலட்சத்துக்கும் குறைவாயின. இறைச்சிக்காகவும் தோலுக்காகவும் சந்தைக்கு விற்கும்பொருட்டு வரைமுறையின்றிக் கொன்றமை இதற்குப் பெருங்காரணம். மேய்ச்சல்நிலங்களை மாட்டுப்பண்ணைகளும் வேளாண்மையும் விழுங்கியமை மற்றொரு காரணம். இவ்வழிவைக் கண்டு, பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியான தியோடர் ரூஸ்வெல்ற்றும் அவரது தோழர்களும் 1887இல் பூன் அன்ட் குரொக்கற் கழகத்தை நிறுவினர். ஓடித்தப்ப இயலாத விலங்கைக் கொல்லுதல் கூடாது, விலங்குக்குத் தப்பும் வழி இருத்தல் வேண்டும் என்பன போன்ற விதிகளை அவர்கள் பரப்பினர். 1937இல் இயற்றப்பட்ட சட்டமொன்று துவக்குகள் மீதும் தோட்டாக்கள் மீதும் விதித்த வரியைக் காட்டுயிர்ப் பாதுகாப்புக்கு ஒதுக்கியது. இன்று அக்கண்டத்தில் ஏறத்தாழப் பத்து இலட்சம் எல்க் மான்கள் உள்ளன. வேட்டைக்காரரின் தன்னடக்கமும் பணமும் இம்மீட்சிக்குத் துணைநின்றன என்பதை மறுப்பது நேர்மையாகாது.

எனினும் தன்னடக்கம் வேறு, நியாயம் வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்ளும் மயக்கமே நம் ஆராய்ச்சிக்குரியது.

விளையாட்டொன்றில் நியாயம் என்றால் என்ன? இரு பக்கத்தாரும் விளையாட இசைந்திருத்தல் வேண்டும். விதிகள் இருவருக்கும் பொதுவாயிருத்தல் வேண்டும். தோல்வியின் விலையும் இருவருக்கும் ஒரு தன்மையதாயிருத்தல் வேண்டும். வேட்டையில் இவற்றுள் எது உண்டு? மான் விளையாட இசையவில்லை. விதியை ஒரு பக்கத்தாரே வகுத்தனர். அவர்களே அதன் நடுவருமாயினர். தோற்றால் வேட்டைக்காரன் வெறுங்கையோடு வீடு திரும்புவான், மானோ திரும்புவதேயில்லை. இத்தகைய ஏற்பாட்டில் வலியவன் தன் கையொன்றைத் தானே கட்டிக்கொள்வது அவனது பெருமையைக் காட்டலாம். அதனை மற்றவனுக்கு அளித்த நியாயம் என்று சொல்லுதல் பொருந்தாது.

நம் சமூக வாழ்விலிருந்தே இதற்கு எடுத்துக்காட்டுத் தரலாம். கூலியை உயர்த்திக் கேட்கும் உரிமை தொழிலாளிக்கு இல்லாத இடத்தில், நல்ல முதலாளியொருவன் தானாகவே சிறிது கூட்டிக் கொடுக்கிறான் என வைத்துக்கொள்வோம். அவன் கொடியவனிலும் மேலானவனே. ஆயினும் அவன் தந்தது நீதியன்று, கருணை. விரும்பும்போது தரப்படுவது, விரும்பாதபோது நிறுத்தப்படவுங் கூடும். நீதி என்பது வலியவனின் மனநிலையிற் தங்கியிராதது.

இங்கே ஒரு தடை எழுப்பப்படலாம். தொழிலாளி பேசுவான், சங்கம் அமைப்பான், ஒப்பந்தம் செய்வான். மான் இவற்றுள் எதனையும் செய்யாது. ஆகவே மானைப்பற்றி நீதி பேசுதல் பொருளற்றது என்பர் சிலர். பேசமாட்டாத கைக்குழந்தைக்கும் ஒப்பந்தம் செய்ய இயலாது. அதனால் குழந்தைக்கு நாம் எதுவும் கடமைப்படவில்லை என்று எவரும் சொல்வதில்லை. பேசமாட்டாத உயிருக்கு நாம் செய்யவேண்டியதை, நமது பெருமையைக்கொண்டு அளக்காமல் அவ்வுயிரின் நலத்தைக்கொண்டு அளக்கவேண்டும் என்பதே இதிலிருந்து பெறப்படும் முடிவு.

அந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு வில்லைப் பார்ப்போம். துவக்கு எளிதாகக் கொல்கிறது. ஆகவே வில்லே நியாயமானது என்பது வில்வேட்டைக்காரரின் வாதம். வில்லாளன் காற்றின் திசையறிந்து, ஓசையின்றி, மிக அருகே செல்லவேண்டும். மான் தப்புவதற்கு வாய்ப்பு மிகுதி என்பது உண்மைதான். ஆனால் அம்பு குண்டைப்போல் அதிர்ச்சியாற் கொல்வதன்று. இரத்தம் பெருகச் செய்து கொல்வது. நெஞ்சறையிற் சரியாகப் பட்டால் சில நொடிகளில் முடிந்துவிடும். ஒரு சாண் விலகினாலோ, அது மணிக்கணக்கான நோவாகும். நண்பர் கண்டதுபோலத் தேடியும் கிடையாத மரணமாகும். கருவியைக் கடினமாக்கும்போது மான் தப்பும் வாய்ப்பு மட்டுமன்றி, அது காயத்தோடு தப்பும் வாய்ப்பும் கூடுகிறது. அக்கடினத்தால் வரும் பெருமை வேட்டைக்காரனுக்கு. அதன் விலை மானுக்கு. துவக்கும் குறிதவறும், ஓநாய் கொல்லும்போது நோவு இதனிலும் நீளலாம் என்பவற்றை நான் மறக்கவில்லை. ஆனால் ஓநாய் தன் செயலை நியாயம் என்று பெயரிட்டு அழைப்பதில்லை.

அந்தக் கடினமும் இன்று எவ்வளவு மிஞ்சியுள்ளது என்பதும் நினைக்கத்தக்கது. மிசூரி மாநிலத்தவரொருவர் 1966இல் உரிமம் கோரிய கப்பிவில், நாணை முழுதும் இழுத்தபின் கையிற் தாங்கவேண்டிய சுமையைப் பெரிதும் குறைத்துவிட்டது. தொல்குடிகளின் கருவி என்னும் புகழையும் தொழிற்சாலையின் வசதியையும் ஒருசேரப் பெறுவதற்கு அது வழிசெய்தது.

தொல்குடிகளின் கருவி என்றேன். இவ்விடத்தில் ஒரு மனிதனின் கதையைச் சொல்லாமல் மேற்செல்ல இயலாது.

1911ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதத்தில், கலிபோர்ணியாவின் ஓரோவில் நகரருகே, மாடறுக்கும் தொட்டியொன்றின் பட்டியில், பசியால் மெலிந்த மனிதனொருவன் காணப்பட்டான். யாகி என்னும் சிறு குடியினரில் எஞ்சிய கடைசி மனிதன் அவன். 1848இல் அங்கே பொன் கண்டெடுக்கப்பட்ட பின்னர் வந்து குவிந்த குடியேறிகள் அவனது மக்களை மலைமலையாகத் துரத்திக் கொன்றனர். கலிபோர்ணிய அரசாங்கமே இத்தகைய படையெடுப்புகளுக்குப் பணம் வழங்கியது. நாற்பது ஆண்டுகளாக மறைந்து வாழ்ந்த மிகச்சிலரும் ஒவ்வொருவராக இறக்க, அவன் தனியனானான். தன் பெயரை அந்நியருக்குச் சொல்வது அவர்கள் மரபன்று. ஆதலால், மானிடவியலாளர் அல்பிரெட் குரோபர் அவனுடைய மொழியில் மனிதன் எனப் பொருள்படும் இஷி என்ற சொல்லையே அவனுக்குப் பெயராக்கினார்.

இஷி சான்பிரான்சிஸ்கோவில் நூதனசாலையொன்றில் வாழ்ந்தான். அயலிலிருந்த பல்கலைக்கழக வைத்தியசாலையிற் சத்திரசிகிச்சை செய்துவந்த சக்ஸ்றன் போப் என்னும் வைத்தியர் அவனது நண்பரானார். வில் வளைப்பதையும் அம்பு செய்வதையும், மானை அழைத்து அணுகுவதையும் இஷியே அவருக்குக் கற்பித்தான். 1914இல் குரோபரும் போப்பும் பிறரும் இஷியைக் கூட்டிக்கொண்டு அவன் பிறந்த மலைநாட்டுக்குச் சென்றனர். நண்பர் சிலர் வில்லோடு மலைக்குச் சென்ற பயணம் என்று அதனைச் சொல்லலாம். ஆனால் அவர்களுள் ஒருவனுக்கு அது தன் உறவினர் அனைவரும் இறந்துபட்ட இடம்.

1916இல் இஷி காசநோயால் இறந்தான். இறந்தோர் உடலை அறுத்தல் அவனுக்கு ஒவ்வாதது என்பதை அறிந்திருந்தும் அவனது உடல் அறுத்துச் சோதிக்கப்பட்டது. மூளை தனியே எடுத்து வைக்கப்பட்டது. வோஷிங்ரனில் உள்ள ஸ்மித்சோனியன் நிறுவனத்திலிருந்து அது அவனுடைய இனவழி உறவினரிடம் மீண்டது 2000ஆம் ஆண்டிலேதான். இதற்கிடையில், 1923இல் போப் வில்வேட்டை பற்றி எழுதிய நூல் அக்கலையை அமெரிக்க நடுத்தர வர்க்கத்தாரிடையே பரப்பியது. அவரது பெயரையும் அவருடைய வேட்டைத் தோழர் ஆதர் யங்கின் பெயரையும் தாங்கிய கழகம் 1961இல் எழுந்தது. கொன்ற விலங்கின் கொம்பை அளந்து பதிவேட்டில் எழுதுவது அதன் பணிகளுள் ஒன்று.

போப் கொடியவரல்லர். இஷியின்மேல் அவர் கொண்டிருந்த அன்பு மெய்யானது. அதனாலேயே இக்கதை நம்மை அதிகமாக வருத்துகிறது. இஷிக்கு வில் என்பது உயிர்வாழும் வழி. அவ்வழியை அவன் மக்களிடமிருந்து பறித்த சமூகம், அதனைத் தன் ஓய்வுநாளின் இன்பமாக ஏற்றுக்கொண்டது. ஒரு மக்களின் வாழ்வை அழித்துவிட்டு, அவர்களுடைய கருவியை எடுத்துக்கொண்டு, இது நியாயமான கருவி என்று கூறுவதில் உள்ள முரண்பாட்டை அங்கே பலர் உணரவில்லை.

எல்க் மானைப் பொறுத்தும் இதே கதைதான். 1868ஆம் ஆண்டு உடன்படிக்கையொன்று பன்னொக் குடியினருக்கு, ஆளில்லா அரசாங்க நிலங்களில் வேட்டையாடும் உரிமையை உறுதிசெய்திருந்தது. வயோமிங் மாநிலத்தின் ஜக்சன் பள்ளத்தாக்கிலே குடியேறியோர், கிழக்கிலிருந்து வரும் செல்வருக்கு வேட்டைவழி காட்டிப் பணம் சம்பாதிக்கத் தொடங்கியதும் அவ்வுரிமை இடையூறாயிற்று. 1895இல் ஆயுதம் தாங்கிய குழுவொன்று பன்னொக் குடும்பங்களைச் சிறைப்பிடித்தது. அவர்கள் தப்பியோட முயன்றபோது சுட்டதில் முதியவரொருவர் உயிரிழந்தார். அடுத்த ஆண்டு, ஏழு எல்க் மான்களைக் கொன்ற றேஸ் ஹோர்ஸ் என்பவரின் வழக்கில், வயோமிங் மாநிலமானவுடனேயே பழைய உரிமை ஒழிந்துவிட்டதென அமெரிக்க உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2014ஆம் ஆண்டின் பனிக்காலத்தில், குரோ இனத்தவர் சிலர் மொன்ரானாவிலுள்ள தம் நிலத்திலிருந்து எல்க் மான்களைத் தொடர்ந்து எல்லை கடந்து, பிக்கோர்ன் மலைக்காட்டில் அவற்றைச் சுட்டு இறைச்சியை வீட்டுக்குக் கொண்டுவந்தனர். அவர்கள்மீதும் வழக்குத் தொடரப்பட்டது. 2019இலேதான், ஐவருக்கு நால்வர் என்ற சிறு பெரும்பான்மையால், மாநிலம் உருவானதால் மட்டும் உடன்படிக்கை உரிமை அழிந்துவிடாது என அதே நீதிமன்றம் கூறியது. மலையும் ஒன்று, மானும் ஒன்று. ஒருவன் கொன்றால் விளையாட்டு. மற்றவன் கொன்றால் குற்றம். விதி வகுப்பவன் யார் என்பதை அறிந்தாலன்றி விதியின் நியாயத்தை அறிய முடியாது.

இது அமெரிக்காவின் கதை மட்டுமன்று. எல்க் என்ற அப்பெயரையே ஆங்கிலேயர் நம் மலைநாட்டிலும் வழங்கினர். நாம் மரை என்று அழைக்கும் மானைத்தான் அவர்கள் எல்க் என்றனர். 1840களின் பிற்பகுதியில் நுவரெலியாவிற் குடியேறிய சாமுவேல் பேக்கர், அங்கும் ஹோர்ட்டன் சமவெளியிலும் மரைகளை வேட்டைநாய்களால் துரத்தி, அவை நீரோடையில் வளைக்கப்பட்டு நிற்கும்போது கத்தியாற் குத்திக் கொன்றார். துவக்காற் சுடுவதிலும் இதுவே வீரமிக்கது என்பது அவர் கருத்து. கருவியைக் கடினமாக்கிப் பெருமை கொள்ளும் அதே மனப்பாங்கை இங்கும் காண்கிறோம். அவர் வேட்டையாடிய அக்காலந்தான், 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டத்தின்படி கிராமத்தாரின் காடும் சேனைநிலமும் அரசின் உடைமையாகிக் கோப்பித் தோட்டங்களாக மாறிய காலம். தென்னிந்தியத் தமிழ் உழைப்பாளர் மன்னாரிலிருந்து மாத்தளை நோக்கிக் காட்டுவழியே நடந்து, வழியிலேயே நூற்றுக்கணக்காக மடிந்த காலம். மரைக்கு அளித்த வாய்ப்பைப் பற்றிப் பெருமைப்பட்ட வர்க்கம், அம்மனிதருக்கு என்ன வாய்ப்பளித்தது என்று கேட்கவில்லை.

வேட்டையை ஆதரிப்போருக்கு வலுவான வாதமொன்று எஞ்சியுள்ளது. வேட்டை இல்லையேல் மான்கள் பெருகிக் காட்டைத் தின்றழித்துத் தாமும் பட்டினியால் மடியும் என்பதே அது. யெலோஸ்ரோன் பூங்காவில் 1961-62 பனிக்காலத்தில் இக்காரணத்துக்காகவே காவலர் 4,000இற்கு மேற்பட்ட எல்க் மான்களைச் சுட்டுக்கொன்றனர். வாதம் உண்மையே, ஆனால் பாதி உண்மை. அப்பூங்காவின் ஓநாய்கள் 1926அளவில் முற்றாகக் கொன்றொழிக்கப்பட்டிருந்தன. பண்ணைக்காரரின் மாடுகளைக் காக்கவும், வேட்டைக்காரரின் மான்களைக் காக்கவும் ஓநாய் ஒழிக்கப்பட்டது. பின்பு மான் பெருகிற்று. மனிதனின் துவக்கு தேவையாயிற்று. 1995இல் மீண்டும் அங்கே விடப்பட்ட முதல் ஓநாய்கள் என் நண்பர் வாழும் அல்பேட்டாவிலிருந்தே கொண்டுசெல்லப்பட்டன. தேவை என்று நமக்குக் காட்டப்படுவது இயற்கையின் விதியா அல்லது ஒரு சாராரின் நலனால் உண்டாக்கப்பட்டதா என்று ஒவ்வொரு முறையும் கேட்கவேண்டியிருக்கிறது.

இவ்வளவும் எழுதிவிட்டு, அமெரிக்கனைப் பழித்த மனநிறைவோடு பேனாவை மூடிவிடலாம். ஆனால் நண்பரின் கேள்வி என்னை விடவில்லை. வள்ளுவர் புலான்மறுத்தலையும் கொல்லாமையையும் துறவறவியலில் வைத்தார். இல்லறத்தானாகிய நான் அதனைக் காரணமாகக் காட்டித் தப்பிக்கொள்ளலாம். ஆனால் உண்பவர் இல்லையேல் விற்பவரும் இல்லை என்னும் அவரது வாதத்திலிருந்து தப்ப வழியில்லை. கடையிலே பொதிசெய்த இறைச்சியை வாங்குபவனைவிட, தான் கொன்றதைத் தானே சுமந்து, இரத்தத்தைத் தன் கையிற் கண்ட வேட்டைக்காரன் ஒருவகையில் நேர்மையானவன். அவன் ஓரிரவாவது உறக்கமிழந்தான். நாம் இழப்பதில்லை.

நான் படிப்பிக்கும் பாடசாலை வன்னியில் உள்ளது. இரண்டாண்டுகளுக்கு முன்னர் என் வகுப்பு மாணவனொருவன் இரண்டு கிழமைகளாக வரவில்லை. மரை இறைச்சி வைத்திருந்ததற்காக அவனுடைய தந்தை பிடிபட்டு, அபராதம் கட்டப் பணமின்றி மறியலில் இருந்தார் என்பதைப் பின்னரே அறிந்தேன். மரையைக் காக்கும் சட்டம் நம் நாட்டிலும் 1937இலேயே இயற்றப்பட்டது. அது வேண்டிய சட்டம். அவர் கட்டிய கட்டுத்துவக்கு மரையென்றும் மனிதனென்றும் பார்த்து வெடிப்பதன்று. அதனை நான் நியாயப்படுத்தமாட்டேன். ஆனால் அந்த இறைச்சியை அவருடைய குடும்பம் உண்ணவில்லை. உலர்த்திய வற்றலாக அது வாகனங்களில் நகரத்துக்குப் போயிற்று. அதிற் சிறு பொதியொன்று எங்கள் ஆசிரியர் ஓய்வறைக்கும் வந்ததுண்டு. நானும் பங்கெடுத்துக்கொண்டேன், சுவையாயிருந்தது என்றும் சொன்னேன்.

அபராதத்தில் எங்கள் பங்கு என்று ஒன்று இருந்தது. அதனை எவரும் எங்களிடம் கேட்கவில்லை, நாங்களும் கொடுக்கவில்லை. வில்லை உறையிலிட்ட அந்த அல்பேட்டாக்காரரையும் எவரும் கேட்கவில்லை. ஆயினும் அவர் செய்தார்.

ஆகவே நண்பருக்கு நான் எழுதிய விடை இதுதான். உம்முடைய தோழர் நல்ல மனிதர். ஆனால் தீயருகே சொல்லப்பட்ட வார்த்தை பிழையானது. அங்கே நியாயமும் இல்லை, வாய்ப்பை அளிக்கும் உரிமையும் எவருக்கும் இல்லை. உணவுக்காகக் கொல்ல நேர்ந்தால், மிகுந்த பெருமை தரும் கருவியை விட்டுக் குறைந்த நோவு தரும் கருவியைத் தேரும். அந்த மலையில் உமக்கு முன்னர் வேட்டையாடியவர்கள் எங்கே போனார்கள் என்று உம் தோழரிடம் கேளும். கொல்வதைக் கொல்வது என்றே சொல்லும். பெயரை மாற்றினால் நம் மனம் ஆறும். மானின் காயம் ஆறாது.

இவ்விடையை அஞ்சலில் இட்டுவிட்டு வகுப்புக்குப் போனேன். அந்த மாணவன் இப்போது உயர்தர வகுப்பில் முன்வரிசையில் இருக்கிறான். அன்றைய பாடம் குறிஞ்சித்திணை. வேட்டுவர் தாம் கொன்றதைச் சிறுகுடியோடு பகிர்ந்துண்ணும் வாழ்வை விளக்கிக்கொண்டிருந்தபோது, அவன் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தான். நான் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே படிப்பித்தேன்.